கணினியின் வழுவமைதி

வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றினையும் நாம் கல்லூரி வகுப்பறையிலே இலக்கணப் பாடத்திற் கற்றோம். விதிக்கு இயைந்து நிற்பது வழாநிலை. விதியினின்றும் பிறழ்வது வழு. பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றி அமைக என்று ஆன்றோர் ஏற்றுக்கொண்டது வழுவமைதி. தன் பசுவை உவப்பினால் அம்மை என்று அழைக்கும் உழவனை இலக்கண ஆசிரியர் கடிவதில்லை. உவப்பு என்னும் காரணத்தைக் குறித்து, அவ்வளவிற்கு அதனை ஏற்றுக்கொள்கின்றார். இம்மூன்று நிலைகளும் இன்று நம் மேசைமீதுள்ள கணினியினுள்ளும் நாள்தோறும் நிகழ்கின்றன என்று கூறின், நம் பழைய மாணவர் சிலர் வியப்புறலாம். அதனை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினி என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களின் கூட்டம். கணிக்கும் சில்லு ஒரு நிறுவனத்தின் ஆக்கம். வன்தட்டு மற்றொரு நிறுவனத்தின் ஆக்கம். விசைப்பலகை, அச்சுப்பொறி, வலையமைப்பு அட்டை, சட்டைப் பையிற் கொண்டுசெல்லும் பென் ட்ரைவ் ஆகியன வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கைகளாற் செய்யப்பட்டவை. இவையனைத்தையும் ஓர் ஒழுங்கில் வைத்து ஆள்வது பணிசெயல் முறைமை. அம்முறைமையின் நடுவே நின்று, வன்பொருளை நேரே தொட்டு ஆளும் அதிகாரம் பெற்ற பகுதியைக் கரு என்பர். ஆங்கிலத்திற் 'கேர்ணல்' என வழங்குவது இதுவே. ஒவ்வொரு வகைச் சாதனத்தோடும் அதற்குரிய மொழியிற் பேசுதற்குக் கரு ஒரு துபாஷியை வைத்திருக்கின்றது. அத்துபாஷிக்குச் சாதனச் செலுத்தி என்பது பெயர்.

சாதனச் செலுத்தியை எழுதுவோர், சாதனத்தின் விதிநூலை முன்வைத்தே எழுதுகின்றனர். இன்ன கட்டளைக்கு இன்ன விடை, இன்ன பதிவகத்தில் இன்ன பெறுமானம் என்று அந்நூல் வரையறுத்திருக்கும். சாதனம் விதிப்படி நடக்குமாயின் இன்னல் இல்லை. ஆனால், விதியை ஏற்பதாகக் கூறிக்கொண்டே விதிக்கு மாறாக நடக்கும் சாதனங்கள் உலகிற் பல உள. இத்தகைய கோணற் குணத்தை ஆங்கிலத்திற் 'குவேர்க்' என்பர். நாம் அதனை வழு என்றே கொள்வோம்.

வழுவுள்ள சாதனத்தைச் செய்தவரிடமே திருப்பியனுப்பித் திருத்துவித்தல் ஆகாதோ என்று ஒருவர் வினவலாம். பெரும்பாலும் ஆகாது. சில்லின் சுற்றுகள் சிலிக்கனிற் பொறிக்கப்பட்டவை; பொறித்தபின் அழித்தெழுத இயலாது. வழு வெளிப்படுவதற்கு முன்னரே இலட்சக்கணக்கான சில்லுகள் விற்பனையாகி, வீடுகளிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் குடியேறிவிடும். சில சாதனங்களின் உள்ளே மாற்றத்தக்க மென்பொருள் உண்டெனினும், வாங்கியவருட் பலர் அதனை மாற்றும் வகை அறியார். செய்த நிறுவனமே சில வேளைகளில் மறைந்துபோய்விடும். ஆகவே, மாற்றத்தக்க இடம் ஒன்றே எஞ்சுகின்றது. அது கருவும் அதன் செலுத்திகளுமே. வன்பொருள் செய்த பிழையை மென்பொருள் பொறுத்து, அதனைச் சுற்றிச் செல்லும் வழியைத் தானே வகுத்துக்கொள்கின்றது.

இங்கே யாம் கூறப்போகும் எடுத்துக்காட்டுகளுட் பல லினக்ஸ் என்னும் கருவினின்றும் எடுக்கப்பட்டவை. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் தொர்வால்ட்ஸ் என்பவர் 1991 ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். அதன் மூலநிரலை யாவரும் வாசிக்கலாம். ஆதலின், எந்த வழு எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதைக் கற்போர் தம் கண்ணாலேயே காணலாம்.

முதற்கண் ஒரு கடிகாரத்தை நோக்குவோம். கணினியின் தாய்ப்பலகையில், மின்வலு மேலாண்மைக்கென ஏற்பட்ட ஒரு நேரங்காட்டி உண்டு. அது விநாடிக்கு 3,579,545 முறை எண்ணும். அமெரிக்க வர்ணத் தொலைக்காட்சிக்கென வகுக்கப்பட்ட ஓர் அலைவெண்ணே இவ்வாறு கணினியிலும் புகுந்தது. அந்நேரங்காட்டி 24 துவித இலக்கங்கள் உடையது, ஏறத்தாழ 4.7 விநாடிக்கு ஒருமுறை நிரம்பி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கரு வேண்டியபோது அதனை வாசித்துக் காலத்தை அறியும்.

இன்ரெல் நிறுவனத்தின் பி.ஐ.ஐ.எக்ஸ்.4 என்னும் சில்லின் முந்திய பதிப்புகளில் இந்நேரங்காட்டிக்கு ஒரு வழு இருந்தது. வாசிக்கும் கணத்தில் எண்ணைப் பிடித்து நிறுத்தித் தரும் அமைப்பு அதில் இல்லை. மோட்டார் வாகனத்தின் தூரங்காட்டியில் 0999 என்பது 1000 ஆக மாறுங்காலத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு சக்கரங்களும் புரண்டுகொண்டிருக்கும் அந்த நொடியில் ஒருவன் நோக்கினால் 1999 என்றோ 0000 என்றோ கண்டுவிடக்கூடும். இரண்டும் பொய். கணினியிலும் அவ்வாறே நிகழும். கரு வாசித்த காலம் திடீரென முன்னே பாயும், அல்லது பின்னே செல்லும். காலம் பிறழின், ஒரு செயலுக்குக் குறித்த தவணை தவறும். நிகழ்ச்சிகளின் முன்பின் முறையும் மயங்கும்.

இதற்குக் கரு கண்ட பரிகாரம் மிக எளியது. நேரங்காட்டியை ஒருமுறை வாசித்து நம்பிவிடாது, அடுத்தடுத்து மூன்றுமுறை வாசிக்கின்றது. மூன்று எண்களும் ஏறுமுகமாக அமைந்தால், நடுவிலுள்ளதை ஏற்கின்றது. வரிசை குலைந்திருப்பின், மூன்றினையும் தள்ளிவிட்டு மீண்டும் வாசிக்கின்றது. எண்ணி நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும் வேளையை வரிசைக் குலைவு எனக் கொள்ளாதவாறும் அந்நிபந்தனை எழுதப்பட்டுள்ளது. ஒரு சாட்சி ஐயத்துக்குரியவனாயின், அவனை மூன்றுமுறை விசாரித்து முன்பின் முரண் உண்டோ என்று நோக்கும் நியாயவாதியின் செயலை இது ஒக்கும்.

ஆனால், இவ்வாறு மும்முறை வாசித்தலுக்கு ஒரு விலை உண்டு. கடிகாரம் பார்க்கும் வேலை மந்தமாகின்றது. எனவே, வழுவில்லாத சில்லுக்கும் இப்பரிகாரத்தைச் சுமத்துதல் முறையன்று. பின்வந்த பதிப்பில் இவ்வழு திருத்தப்பட்டமையால், பதிப்பெண் 3 இற்குக் குறைந்த பி.ஐ.ஐ.எக்ஸ்.4 சில்லுகளுக்கே கரு இதனை விதிக்கின்றது. விதிக்கும்போது வாளாவிருப்பதுமில்லை. இச்சில்லில் நேரங்காட்டி வழு காணப்பட்டது, பரிகாரத்தினால் இக்கடிகாரம் மந்தமாகும், வேறு கடிகாரத்தை நாடுக என்று தன் பதிவேட்டில் எழுதிவைக்கின்றது. தன் சில்லு நல்லது என்று உறுதியாக அறிந்தவர், கணினி தொடங்கும்போது ஒரு சொல்லைக் கொடுத்து இப்பரிகாரத்தை விலக்கவும் கரு இடம் வைத்துள்ளது. காரணம், எல்லை, அறிவிப்பு, விலக்கு என்னும் நான்கும் இச்சிறு பகுதியிலே அமைந்திருத்தல் கருதத்தக்கது.

இனி, நாம் யாவரும் கையாளும் ஒரு பொருளுக்கு வருவோம். யூ.எஸ்.பி. துளையிற் செருகப்படும் நினைவுச் சாதனம் ஒன்றினிடம், உன் கொள்ளளவு யாது என்று கரு வினவுகின்றது. அவ்வினாவுக்கு விதிநூல் கூறும் விடை, மொத்தக் கட்டங்களின் தொகையன்று. இறுதிக் கட்டத்தின் எண்ணாகும். கட்டங்கள் பூச்சியத்திலிருந்து எண்ணப்படுவன. ஆதலின், 1000 கட்டங்கள் உடைய சாதனம் 999 என்று விடையிறுத்தல் வேண்டும். வேலி அடைத்தோர் இதன் நுட்பத்தை நன்கறிவர். பத்து இடைவெளிகளுக்குப் பதினொரு கதியால்கள் வேண்டும்; கதியாலையும் இடைவெளியையும் மயங்கினால், கணக்கில் ஒன்று கூடும் அல்லது குறையும். சில சாதனங்களைச் செய்தோர் இம்மயக்கத்துக்கு ஆளாகி, 1000 என்றே விடை தருமாறு அமைத்துவிட்டனர்.

ஒன்றுதானே கூடிற்று எனக் கருதற்க. விடையை நம்பிய கரு, இல்லாத 1000 ஆம் எண் கட்டமும் உண்டென்று கொள்கின்றது. வட்டின் பிரிப்பு அட்டவணையின் படியொன்று இறுதிக் கட்டத்தில் வைக்கப்படும் வழக்கம் இருத்தலின், சாதனம் செருகப்பட்டவுடனேயே அவ்விடத்தை வாசிக்க முற்படுகின்றது. சில சாதனங்கள் பிழை என்று விடையிறுக்கும். வேறு சில, இல்லாத கட்டத்தைக் கேட்டவுடன் திகைத்து உறைந்துபோம். கழற்றி மீளச் செருகும்வரை பேசா.

பரிகாரம் யாது? வழுவுள்ளதென அறியப்பட்ட சாதனங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கரு வைத்திருக்கின்றது. அப்பட்டியலில் உள்ளது செருகப்பட்டால், அது கூறிய எண்ணில் ஒன்றைக் குறைத்துக்கொள்கின்றது. நிக்கொன், பென்ரக்ஸ், நொக்கியா, மொட்டரோலா ஆகிய நிறுவனங்களின் கமராக்கள், தொலைபேசிகள் முதலியவற்றைப் பொறுத்தவரையில், எது வழுவுள்ளது எது வழுவற்றது என்று ஒவ்வொன்றாகக் குறித்தல் அரிதாயிற்று. அவற்றுக்கு ஓர் அனுமானம் கையாளப்படுகின்றது. உண்மையான கொள்ளளவு பெரும்பாலும் இரட்டை எண்ணாக இருக்கும். ஆகவே, கூறியபடி கணித்த தொகை ஒற்றை எண்ணாயின், ஒன்று மிகையெனக் கொள்ளப்படும். அனுமானம் பிரத்தியட்சமாகாது என்பதையும் அதனை எழுதியோர் மறந்திலர். இன்ன சாதனத்தின் கணக்குச் சரியே, அதனை மாற்றற்க என்று குறிப்பதற்கும் ஒரு குறியீடு வைத்துள்ளனர். ஏனெனில், உண்மை கூறிய சாதனத்தினின்றும் ஒன்றைக் குறைப்பின், அதன் இறுதிக் கட்டமும் அதிலுள்ள அட்டவணைப் படியும் கருவின் கண்ணுக்கு மறைந்துவிடும். நோயில்லாதவனுக்குக் கொடுத்த மருந்தே அவனுக்கு நோயாகும்.

இவ்விடத்து, சாதனத்தைக் கரு அடையாளங் காண்பது எவ்வாறு என்று அறிதல் வேண்டும். ஒவ்வொரு சாதனமும் செய்தவரின் எண், தன் வகையின் எண், பதிப்பின் எண் ஆகியவற்றைத் தன்னகத்தே தாங்கியிருக்கும். பி.சி.ஐ. என்னும் இணைப்பு முறையில் முன்னைய இரண்டும் தனித்தனி 16 துவித இலக்கம் உடையன. இன்ரெல் நிறுவனத்தின் எண் பதினறும முறையில் 8086 ஆகும். 1978 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் 8086 என்பதே. யூ.எஸ்.பி. சாதனங்களின் பட்டியலில், எப்பதிப்பு முதல் எப்பதிப்பு வரை வழு உண்டென்பதும் எழுதப்படும். 0000 முதல் 9999 வரை என்று எழுதியிருப்பின், எல்லாப் பதிப்பும் அடங்கும் என்பது பொருள். சாதனத்தின் எண்ணால் மட்டும் துணிய இயலாதபோது, கணினியைச் செய்தவரின் பெயரையும் மாதிரியின் பெயரையும் சேர்த்து நோக்குவதும் உண்டு.

அடையாளத்தைப் போன்றே காலமும் முக்கியமானது. சில வழுக்கள், சாதனம் தன் முகவரி விபரங்களைத் தெரிவிக்கும்போதே வெளிப்படுவன. அவற்றுக்கு அவ்விபரத்தை வாசிக்குமுன் பரிகாரம் செய்தல் வேண்டும். சிலவற்றுக்கு வாசித்தபின் செய்யலாம். சிலவற்றுக்குச் செலுத்தி பொறுப்பேற்கும் தறுவாயிற் செய்யலாம். உறக்க நிலையினின்றும் கணினி விழிக்கும்போது, முன்செய்த பரிகாரத்தைச் சில சாதனங்கள் மறந்துவிடும். அவற்றுக்கு மறுமுறையும் செய்தல் வேண்டும். இக்காலப் பகுப்புகள் யாவும் லினக்ஸ் கருவின் பி.சி.ஐ. பகுதியில் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன.

நிற்க. எல்லா வழுவையும் மென்பொருள் அமைத்துவிடுமோ எனின், இல்லை. இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் என்னும் சில்லு இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்துக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி என்பவர், இரட்டைப் பகா எண்கள் பற்றிய ஆராய்ச்சியின்போது, அச்சில்லு வகுத்தலிற் பிழை விடுவதை 1994 ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். வகுத்தற் சுற்றிலுள்ள அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடப்பட்டமையே காரணம். 4195835 ஐ 3145727 ஆல் வகுத்து, ஈவை மீண்டும் அதே எண்ணாற் பெருக்கி, முதலெண்ணிலிருந்து கழித்தால் பூச்சியம் வரவேண்டும். வழுவுள்ள சில்லிலோ 256 வந்தது. லினக்ஸ் கரு, கணினி தொடங்கும்போது இக்கணக்கையே செய்து பார்த்தது. விடை பூச்சியமன்றெனின், இச்சில்லில் வகுத்தல் வழு உண்டு என்று அறிவித்தது. வகுத்தல் ஒவ்வொன்றையும் திருத்துதல் கருவின் ஆற்றலுக்கு உட்பட்டதன்று. உண்மையை மறையாது உரைத்தல் அதன் ஆற்றலுக்கு உட்பட்டது. பழைய சில்லுகளை மாற்றித்தரும் பொருட்டு அந்நிறுவனம் 475 மில்லியன் டொலர் செலவைத் தன் கணக்கில் எழுத நேர்ந்தது.

1997 ஆம் ஆண்டில் அதே பென்ரியத்தில் வேறொரு வழு வெளிப்பட்டது. பதினறும முறையில் எவ்-பூச்சியம், பூச்சியம்-எவ் எனத் தொடங்கும் ஒரு தகாத கட்டளையை, அதிகாரம் எதுவுமில்லாத பயனாளர் ஒருவர் கொடுத்தாலும், கணினி முழுவதும் உறைந்துவிடும். இதனைக் கரு வென்றது. தகாத கட்டளை வரும்போது சில்லு நோக்கும் அட்டவணையை எழுதலாகாத நினைவகப் பகுதியில் வைத்தனர். அதனைத் தகாத முறையில் அணுக முற்பட்ட சில்லு, உறைவதற்குப் பதிலாக வேறொரு தவற்றை முறையிட்டது. அம்முறையீட்டின் உண்மைப் பொருளை உணர்ந்த கரு, உரிய நடவடிக்கையை எடுத்தது. ஒரே சில்லின் ஒரு வழுவை அறிவிக்க மட்டும் முடிந்தது. மற்றதை அமைக்க முடிந்தது. 2011 ஆம் ஆண்டில் இன்ரெல்லின் ஆறாம் வரிசைத் துணைச் சில்லுகளில், வட்டு இணைப்புத் துறைகள் சில நாளடைவிற் பழுதாகும் வழு கண்டறியப்பட்டபோது, மென்பொருளாற் செய்யத்தக்கது ஏதுமில்லை. சில்லையே மாற்ற வேண்டியதாயிற்று. எது எவ்வகை வழு என்று பகுத்தறிதலே இத்துறையில் முதலாவது கல்வி.

இனி, மறுபக்கத்தையும் கூறாது விடின் நடுநிலை ஆகாது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது நம் முதுமொழி. வன்பொருளின் மேற் பழி சுமத்துதல் மென்பொருள் எழுதுவோர்க்கு எளிது. 2015 ஆம் ஆண்டில் இணையத் தேடற்சேவை நிறுவனம் ஒன்றின் சேவையகங்களில், திண்மநிலை வட்டுகளிலுள்ள தரவின் பகுதிகள் பூச்சியங்களாக மாறிப்போயின. நெடிய ஆராய்ச்சியின் பின், வட்டுகளே குற்றவாளிகள் என்று அந்நிறுவனத்தார் அறிவித்தனர். அவ்வட்டுகளைச் செய்த சாம்சங் நிறுவனத்தின் பொறியியலாளர் அதே நிலைமைகளைத் தாமும் அமைத்து ஆராய்ந்தனர். பல வட்டுகளை ஒன்றாகப் பிணைத்து ஆளும் லினக்ஸ் கருவின் பகுதியிலேயே பிழை இருந்தது என அவர்கள் கண்டு, திருத்தத்தையும் எழுதியளித்தனர். வட்டின் பெயரைப் பட்டியலிற் சேர்த்து அவ்வளவில் அமைந்திருந்தால், குற்றமற்ற சாதனத்துக்குப் பழியும், பயனாளருக்குத் தீராத இழப்புமே எஞ்சியிருக்கும். காரணம் அறியாது செய்த பரிகாரம் வழுவமைதி ஆகாது; அது மற்றுமொரு வழுவாகும்.

அன்றியும், காரணம் மறைந்த பின்னரும் பரிகாரம் நீடித்து வாழுமாயின் அதுவும் சுமையே. ஐ.பி.எம். நிறுவனத்தின் முதற் தனியாட் கணினி 20 முகவரிக் கம்பிகள் உடைய சில்லைக் கொண்டது. 1,048,576 பைற்றுகளைக் கடந்த முகவரி, சுற்றிவந்து மீண்டும் தொடக்கத்தைச் சுட்டும். சில நிரல்கள் இக்குணத்தையே நம்பி எழுதப்பட்டன. 1984 ஆம் ஆண்டில் 24 முகவரிக் கம்பிகளுடன் புதிய கணினி வந்தபோது, அப்பழைய நிரல்கள் கெடாதிருத்தற்பொருட்டு, 21 ஆவது கம்பியை அடைக்கவும் திறக்கவும் ஒரு வாயில் வைத்தனர். அதனை ஆளும் பொறுப்பை, வெறுமையாயிருந்த ஒரு முனை உண்டென்பதால், விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லிடம் ஒப்படைத்தனர். அந்நிரல்கள் வழக்கொழிந்த பின்னரும், பணிசெயல் முறைமைகள் பல ஆண்டுகளாகத் தொடங்கும்போதெல்லாம் அவ்வாயிலைத் திறந்துகொண்டே செல்ல நேர்ந்தது.

இந்நிலை நேராதிருத்தற்கு லினக்ஸ் கருவின் யூ.எஸ்.பி. பகுதியில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. பட்டியலிலுள்ள சாதனம் ஒன்று செருகப்பட்டு, அதற்கென எழுதிய குறிப்பின் ஒரு பகுதி வேண்டாததாகக் காணப்பட்டால், இக்குறிப்பு மிகையாகத் தோன்றுகின்றது, இச்செய்தியை எங்களுக்கு அனுப்புக என்று கரு பயனாளரைக் கேட்டுக்கொள்கின்றது. புதிய சாதனத்தில் வழு உண்டோ என ஐயுறுவோர், மூலநிரலைத் தொடாமலே தொடக்கக் கட்டளையிற் பரிகாரத்தைக் குறித்துச் சோதிக்கவும் இயலும். இவ்வாறு பட்டியல் வளர்வதும் குறைவதும் அறிஞர் சிலரின் கையில் மட்டும் இல்லை. உலகெங்குமுள்ள பயனாளர் அதற்குத் துணை நிற்கின்றனர்.

கணினித் துறையிற் புகவிருக்கும் நம் கல்லூரி மாணவர் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கன சில. வழுவை முதலில் தம் பக்கத்தில் தேடுதல் வேண்டும். சாதனத்திலேயே உள்ளதெனத் தெளிந்தபின், அதன் பெயரும் பதிப்பும் எல்லையும் குறித்து, அவ்வளவிற்கே பரிகாரம் செய்தல் வேண்டும். ஏன் செய்தோம் என்பதைப் பின்வருவோர் அறிய அருகிலேயே எழுதிவைத்தல் வேண்டும். செய்ததைப் பயனாளருக்கு அறிவித்தலும், வேண்டாதவர் விலக்க வழி வைத்தலும் வேண்டும். பரிகாரத்தின் பின், வழுவுள்ள சாதனத்தை மட்டுமன்றி வழுவற்றதையும் சோதித்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும், எங்கோ ஒருவர் ஆண்டுக்கணக்காக எழுதிய ஆராய்ச்சியும், ஒரு வைத்தியசாலையின் பதிவும், ஒரு குடும்பத்தின் புகைப்படங்களும் ஓர் இரவிலே அழியக்கூடும். அவற்றை இழந்தவர், கரு என்பதும் செலுத்தி என்பதும் கேள்விப்பட்டிராதவராகவே இருப்பர்.

குற்றமற்ற கருவியை மட்டுமே வேண்டுவோர் புதியன புதியனவாக வாங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். அஃது எல்லோர்க்கும் இயலாது. பழைய கணினி ஒன்று பாடசாலை ஆய்வுகூடத்தில் இன்னும் சில ஆண்டுகள் மாணவர்க்கு உதவுமாயின், அதன் கோணலை எவரோ ஒருவர் பொறுமையாக ஆராய்ந்து, காரணம் கண்டு, ஐந்தாறு வரிகளில் எழுதிவைத்தமையும் அதற்கு ஒரு காரணமாகும். அத்தகைய வரிகளை எழுதும் ஆற்றல் நம் மாணவர்க்கும் வாய்ப்பதாக.